கலியபெருமாளின் மூச்சில் இருந்த நெடி

கலியபெருமாள் என்ற பதினோராம் வகுப்பு மாணவனின் வாயை மோந்து பார்த்து, கள் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று முடிவு கட்டி, பிரம்பால் அடித்து, வெயிலில் முட்டி போட வைத்தேன். அவன் குடித்திருக்கவில்லை. சர்க்கரை நோய் முற்றி நினைவிழந்து கொண்டிருந்தான். நான் அப்போது அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர். தெரியாமல் செய்துவிட்டேன் என்றுதான் இத்தனை காலமும் கேட்டவர்களிடம் சொல்லிவந்தேன். முதல் தடவை செய்தது தெரியாமல்தான். இரண்டாவது தடவை செய்தது எல்லாம் தெரிந்தே. அந்த இரண்டாவதை யாரிடமும் சொன்னதில்லை.

வலங்கைமானுக்குக் கிழக்கே ஓர் ஊரில் இருந்தது பள்ளி. அரசு கள்ளுக்கடை, சாராயக்கடைகளைத் திறந்திருந்த சமயம். வயல்களில் கூலித் தகராறு முற்றி, சம்பா அறுவடைக்குப் போலீஸ் பாதுகாப்பு போட்டிருந்தார்கள். கலியபெருமாளின் அப்பா ரெங்கசாமி விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கியபோது மறித்தார் என்று பிடித்துத் திருச்சி சிறையில் வைத்திருந்தார்கள்.

கடைகள் திறந்த பிறகு நான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். திங்கட்கிழமை காலையில் வாசலில் நின்று பெரிய பையன்களை வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்ப்பேன். எல்லாரையும் இல்லை. காலனியிலிருந்து வரும் பையன்களை மட்டும். ஊர்த்தெருப் பையன்கள் பக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவார்கள். பள்ளிக் கமிட்டித் தலைவர், பெரிய மிராசுதார், இதைக் கேள்விப்பட்டு என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நானும் காலனியில் பிறந்தவன்தான். என் அப்பா பண்ணையாள். குடும்பம் லுத்தரன் சபையில் சேர்ந்ததால் மிஷன் பள்ளியில் படித்து மேலே வந்தேன். அப்பா குடிப்பார். குடித்துவிட்டு எங்கள் பாதிரியார் வீட்டு வாசலில் ஒருநாள் விழுந்து கிடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் ஜனத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவந்ததை எல்லாரையும்விட உறுதியாக நம்பியவன் நான். மிராசுதார் மோந்து பார்க்கச் சொல்லவில்லை. நானாகவே செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மூக்கை அறுத்தெறியத் தோன்றுகிறது.

அந்த நோய் ஒரே நாளில் வந்துவிடவில்லை. பல வாரங்களாகவே அவன் ஒவ்வொரு பாடவேளையிலும் எழுந்து நிற்பான். "சார், ஒண்ணுக்குப் போகணும் சார்." போய்விட்டு வரும் வழியில் தண்ணீர்ப் பானையிடம் நின்று குவளை குவளையாகக் குடிப்பான். கணக்கு வாத்தியார், "ஏண்டா, மேட்டூர்ல தொறந்து விட்டுட்டாங்களா? இங்க வடிஞ்சிக்கிட்டே இருக்கே!" என்று கேட்க, வகுப்பே சிரிக்கும். ஜன்னலுக்கு வெளியே நின்ற நானும் சிரித்தேன். சட்டை தோளிலிருந்து தொங்கும் அளவுக்குப் பையன் இளைத்துப் போனதைப் பார்த்தேன். அப்பன் சிறையில் இருக்கிறான், சோற்றுக்கு வழியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தவன் ஒரு வேளைச் சோறாவது போட்டேனா? அதுவும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை அவன் தள்ளாடிக்கொண்டு வந்தான். வாசலிலேயே வாந்தி எடுத்தான். வாயை மோந்தேன். புளித்தும் இனித்தும், அழுகிய பழம்போல ஒரு நெடி.

"எங்கடா குடிச்ச?"

"குடிக்கல சார்... வயிறு வலிக்குது சார்."

"பொய் வேறயா?"

கெண்டைக்காலில் அடித்தேன். கொடிமரத்துக்கு அருகே முட்டி போட வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சரிந்து விழுந்தான். டிரில் மாஸ்டர் துரைக்கண்ணு முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, "முழுப் போதை சார். நெழல்ல கெடக்கட்டும், தெளிஞ்சிரும்" என்றார். வேப்பமரத்தடியில் கிடத்தினோம். பள்ளிக்கூடம் நடந்தது. நான் ஆங்கிலப் பாடம் எடுத்தேன்.

மத்தியானத்துக்கு மேல் அதே துரைக்கண்ணு ஓடிவந்தார். "சார், மூச்சு ஒரு மாதிரியா இருக்கு. இழுத்து இழுத்து விடுறான். கிள்ளிப் பாத்தேன், அசையல."

நெல் ஏற்றப் போய்க்கொண்டிருந்த லாரியை மறித்துக் கும்பகோணத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே பார்த்த உடனே தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் கூடவே போனேன். பாசத்தில் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பையன் செத்தால் என்மேல் கேஸ் வரும் என்ற பயத்தில் போனேன்.

அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர், என் மகள் வயதுதான் இருக்கும், குனிந்து அவன் மூச்சைக் கவனித்தார்.

"எத்தன நாளா இப்படி?"

"கள்ளு குடிச்சிருக்கான் டாக்டர்" என்றேன்.

"யார் சொன்னது?"

"நான்தான் மோந்து பார்த்தேன். நான் ஹெட்மாஸ்டர்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரொம்ப ஒண்ணுக்குப் போனானா? தண்ணி தண்ணின்னு குடிச்சானா? எளச்சானா?"

மூன்றுக்கும் ஆமாம் என்றேன். மூன்றும் எனக்குத் தெரிந்திருந்தன.

"இது கள்ளு இல்ல சார். டயாபடீஸ். வெளிய நில்லுங்க."

பிற்பாடு அவரே விளக்கினார். சாப்பிடும் சோறு உடம்பில் சர்க்கரையாகிறது. அந்தச் சர்க்கரை ரத்தத்திலிருந்து உறுப்புகளுக்குள் போய் வேலை செய்ய இன்சுலின் என்ற சுரப்பு வேண்டும். இந்த வகை நோய் சின்ன வயதிலேயே வரும். அந்தச் சுரப்பே நின்றுபோகும். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு பட்டினிதான். சர்க்கரை சிறுநீரில் போகும், கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். வேறு வழியில்லாமல் உடம்பு தன் கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். அதில் உண்டாகும் அமிலம் ரத்தத்தில் தேங்கினால் வாந்தி, வயிற்று வலி, பெருமூச்சு, கடைசியில் மயக்கம். மூச்சில் பழநெடி அடிக்கும். அதைத்தான் நான் மோந்தேன்.

அந்த வராந்தாவில் பெஞ்சு கிடையாது. சுவரோரம் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தவர்களோடு உட்கார்ந்தேன். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர், பாம்பு கடித்த தம்பிக்காகக் காத்திருந்தவர், "ஒங்க மவனா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவைத்தேன். அவர் தன் பொட்டலத்திலிருந்து பாதி பன்னைப் பிய்த்துக் கொடுத்தார். தின்றேன்.

மறுநாள் காலையில் பையனின் அம்மா பாக்கியம் வந்து சேர்ந்தார். சேலைக் கரையில் வயல் சேறு காயவில்லை. வந்தவர் நேரே என் காலில் விழப் போனார்.

"நீங்க இல்லேன்னா எம் புள்ள போயிருப்பான் அய்யா. நம்ம சனத்துலேருந்து படிச்சு வந்தவுங்க இருக்காங்கன்னுதானே அவன ஒங்க பள்ளிக்கூடத்துல போட்டோம்."

அவரைத் தடுத்து, பையன் கிடந்த கட்டிலைக் காட்டினேன்.

பையனின் ஒரு கையில் உப்புநீர் இறங்கிக்கொண்டிருந்தது. மணிக்கொருமுறை சிறுநீரை எடுத்து, ஒரு நீலக் கரைசலில் விட்டு, விளக்கில் காய்ச்சிப் பார்ப்பார்கள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறி, செங்கல் நிறத்துக்குப் போனால் ஏராளம். அவனுடையது செங்கல் நிறத்திலேயே நின்றது. அந்தச் சோதனைக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் ஜெபம் செய்தேன். பையன் பிழைக்க வேண்டும் என்று ஆரம்பிக்கும் ஜெபம், என் வேலை போகக் கூடாது என்று முடிந்தது.

அவன் கண் திறந்த அன்று நர்ஸ் படுக்கை விரிப்பை மாற்றுவதற்காக அவனைப் புரட்டினார். கெண்டைக்காலில் பிரம்பு பட்ட தடங்கள் கன்றிப்போய்க் கிடந்தன. பாக்கியம் விரலால் தடவிப் பார்த்தார்.

"இது என்னங்கய்யா?"

"விழுந்துட்டான்மா" என்றேன். "வாசப்படியில விழுந்துட்டான்."

கலியபெருமாள் விழித்துக்கொண்டுதான் இருந்தான். என்னைப் பார்த்தான். உதடு வெடித்துப் போயிருந்தது. "ஆமாம்மா, விழுந்துட்டேன்" என்றான்.

என்னைக் காப்பாற்றுகிறான், நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் இருந்தது என் புத்தி.

பிறகு தேறினான். என் மனைவி ரூத் தஞ்சாவூரில் இருந்த தன் அக்கா வீட்டிலிருந்து கோதுமைக் கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்பினாள். பாக்கியத்தின் தங்கை ஊரிலிருந்து வரும்போதெல்லாம் முருங்கைக்கீரையும், பக்கத்துக் கட்டிலுக்குச் சேர்த்து மோரும் கொண்டுவந்தாள். டாக்டர் பாக்கியத்துக்கு ஊசி போடச் சொல்லிக்கொடுத்தார். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைக்க வேண்டும். மருந்துக் குப்பியைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். ஆயுள் முழுக்க தினமும் ஊசி என்றதும் பாக்கியம் முகத்தை மூடிக்கொண்டார். மருந்தைக் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது என்பதால், இலவசமாகக் கிடைக்க மாதாமாதம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும்படி டாக்டரே ஏற்பாடு செய்தார்.

பையன் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அப்போதெல்லாம் பதினோராம் வகுப்பு முடிவில் எழுதுகிற பொதுப்பரீட்சையைப் பற்றி. "டாக்டரம்மா, நான் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதலாமா?"

"தாராளமா எழுது. ஆனா ஒங்க சார் கொஞ்சம் ஒத்துழைக்கணும்" என்று சொல்லி அவர் என் பக்கம் திரும்பினார். காலையில் ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். ஆகவே பாடவேளை நடுவிலும் தின்ன விட வேண்டும். ஒன்றுக்குப் போகக் கேட்டால் தடுக்கக் கூடாது. டிரில்லில் ஓட வைத்தால் முன்னாலேயே ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும். திடீரென்று வேர்த்து, கை நடுங்கி, உளறினால் சர்க்கரை குறைந்துவிட்டது என்று அர்த்தம். உடனே வாயில் வெல்லம் போட வேண்டும், தாமதித்தால் வலிப்பு வரும், உயிரும் போகலாம். "அப்பவும் குடிச்சவன் மாதிரிதான் இருப்பான் சார்" என்றார். வேண்டுமென்றே சொன்னார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

இரண்டாவது குற்றத்துக்கு வருகிறேன். ஊர் திரும்பியதும் கமிட்டித் தலைவர் கூப்பிட்டனுப்பினார்.

"ஏன் சார், நாம நடத்துறது பள்ளிக்கூடமா ஆஸ்பத்திரியா? ஒருத்தன வகுப்புல தின்ன விட்டா, நாளைக்கு அத்தன பேருக்கும் எல போட்டுப் பரிமாறுவீங்களா? அதுவும் ரெங்கசாமி மவனுக்கு! அட்டெண்டன்ஸ் கொறச்சல்னு சீட்டக் கிழிச்சுக் குடுத்துருங்க. பள்ளிக்கூடத்துல செத்துகித்து வச்சான்னா செங்கொடியத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பானுங்க."

அந்த மனிதரைக் குறை சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. சோதனைக் குழாயில் கொதித்த செங்கல் நிறத்தை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்திருந்தேன். என்ன செய்தால் அந்தப் பையன் படிக்கலாம் என்று எனக்குச் சொல்லித்தரப்பட்டிருந்தது. செலவு என்று ஒன்றும் இல்லை. ஒரு துண்டு வெல்லம், கொஞ்சம் சோறு, வெளியே போக ஓர் அனுமதி. இதைக் கொடுக்க முடியாத பள்ளிக்கூடம் எதற்கு? அப்படி ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான் எதற்குத் தலைவன்? இதெல்லாம் இப்போது எழுத வருகிறது. அன்றைக்கு "சரிங்க" என்றேன்.

மாற்றுச் சான்றிதழை எழுதி வைத்தேன். பாக்கியம் பையனை அழைத்துக்கொண்டு வந்தார். பள்ளியிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்று மருந்துப் பானையைத் தலையில் சுமந்து வந்திருந்தார்.

"இந்த வருஷம் வேண்டாம்மா. ஒடம்பு தேறட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றேன்.

அவர் பானையை என் மேசைமேல் இறக்கினார்.

"எந்த ஒடம்பு அய்யா? நீங்க அடிச்ச ஒடம்பா?"

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"டிரில் வாத்தியார் பொஞ்சாதி சொல்லிருச்சு எங்கிட்ட. கள்ளு குடிச்சான்னு ஊரு முழுக்கச் சொல்லிருக்கீங்க. வெயில்ல போட்டிருக்கீங்க. ஆஸ்பத்திரியில வந்து நின்னுக்கிட்டு, விழுந்துட்டான்னு எங்கிட்டயே சொல்றீங்க. ஏண்டா எங்கிட்ட மறச்சன்னு இவனக் கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா? 'சாரக் காட்டிக் குடுத்தா பரீட்ச எழுத விடமாட்டாரும்மா' ங்கறான். உசுரு ஊசலாடுறப்பவும் பரீட்சதான் நெனப்பு அவனுக்கு. ஒங்கள நம்பி வாய மூடிக்கிட்டுக் கெடந்தான். மிராசுதாரு அடிச்சா எங்களுக்கு ஒறைக்காது. நீங்க அடிச்சீங்க பாருங்க."

கலியபெருமாள் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "வாம்மா. போவலாம்."

அவர்கள் வாசலைத் தாண்டும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு மாற்றுச் சான்றிதழைக் கிழித்துப் போட்டேன். ஓடிப்போய் அவர்களை மறித்து, நாளையிலிருந்து வரச் சொன்னேன். பாக்கியம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை வணக்கத்தில், எல்லா ஆசிரியரும் மாணவரும் இருக்க, சொன்னேன். இவன் குடிக்கவில்லை. நோயாளியை நான் அடித்தேன். இவன் அம்மாவிடம் பொய் சொன்னேன். இனி இவன் எப்போது வேண்டுமானாலும் தின்பான், எப்போது வேண்டுமானாலும் வெளியே போவான், கேலி செய்கிறவர்கள் என்னிடம் வர வேண்டும். கணக்கு வாத்தியார் தரையைப் பார்த்தார். வருகைக் குறைவை மருத்துவக் காரணத்துக்காக மன்னிக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினேன். அது கிடைத்தது. கேட்டால் கிடைக்கக்கூடியதுதான். அதுவரை யாரும் கேட்கவில்லை.

பொதுப்பரீட்சைக்கு வெளியூரிலிருந்து வந்த மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே போய் விஷயத்தைச் சொன்னேன். "ஹாலுக்குள்ள தின்பண்டம் எடுத்துட்டுப் போக ரூல் கெடையாதே சார்" என்றார். கணக்குப் பரீட்சை அன்று பையனின் சட்டைப் பையிலிருந்த வெல்லத்தை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். வெளியில் நின்ற நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவன் முகம் வேர்த்துக் கொட்டியது. பேனா நழுவியது. எதையோ உளறினான். "என்னடா தூங்குற?" என்றார் அந்த மனிதர்.

உள்ளே ஓடி, அவர் வாங்கி வைத்திருந்த வெல்லத்தை எடுத்து, அவன் வாயைத் திறந்து திணித்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்தான். தெளிந்ததும் பேனாவைத் தேடினான். அதற்குள் மேற்பார்வையாளர் விடைத்தாளைப் பிடுங்கியிருந்தார். வெளியாள் ஹாலுக்குள் நுழைந்து தேர்வருக்கு உதவினார் என்று அறிக்கை போயிற்று. அவனுடைய கணக்குத் தாளை ரத்து செய்தார்கள். என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். பிரம்பால் அடித்தபோது என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வெல்லம் கொடுத்ததற்குத் தண்டனை வந்தது.

வேலையில்லாத அந்த மாதங்களில் கல்வி இலாகா அலுவலகத்து வராந்தாவே எனக்கு வீடாயிற்று. பெண் டாக்டர் எழுதிக் கொடுத்த சான்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போனேன். "இதுக்கெல்லாம் முன்மாதிரி இல்லையே" என்பார்கள். "இவன முன்மாதிரியா வச்சுக்குங்க" என்பேன். கத்தியிருக்கிறேன். வெளியே தள்ளப்பட்டிருக்கிறேன். கடைசியில் ஓர் அதிகாரி, என் தொல்லை தாங்காமல்தான் என்று நினைக்கிறேன், இந்தத் தேர்வர் ஹாலுக்குள் உணவு வைத்துக்கொள்ளலாம், தேவைப்பட்டால் வெளியே சென்று வரலாம் என்று உத்தரவு போட்டுக் கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். ரெங்கசாமி சிறையிலிருந்து வந்திருந்தார். வாங்கிப் படித்துவிட்டு மகனிடம் கொடுத்தார். பாக்கியம் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார்.

"செப்டம்பர் மறுபரீட்சைக்கு நான் கும்பகோணம் வந்து ஹால் வாசல்ல நிக்கிறேன்" என்றேன்.

"வேணாம் அய்யா" என்றார் பாக்கியம். "ஒங்களப் பாத்தா மறுபடியும் ஏதாச்சும் கெளப்புவாங்க. இவுங்க அப்பா நிப்பாரு. நீங்க வராம இருந்தாப் போதும்."

அவர் குரலில் கோபம்கூட இல்லை. நான் போகவில்லை. பரீட்சை நடந்த அன்று முழுதும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தேன். தேறிவிட்டான் என்பதைச் செய்தித்தாளில் அவன் எண்ணைத் தேடித்தான் தெரிந்துகொண்டேன். யாரும் வந்து சொல்லவில்லை. பிற்பாடு எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது, வேறு பள்ளியில், சாதாரண ஆசிரியனாக.

பல வருடங்கள் கழித்துக் கும்பகோணத்தில் ஒரு ஓட்டலில் அவனைப் பார்த்தேன். கூட்டுறவு வங்கியில் வேலை என்று கேள்விப்பட்டிருந்தேன். எதிர் மேசையில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தான். எங்கள் ஊர்ப்பக்கத்தில் பழைய வாத்தியாரைக் கண்டால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவார்கள். அவன் என்னைப் பார்த்தான், அடையாளம் தெரிந்துகொண்டான், எழுந்திருக்கவில்லை.

"ஊசி போட்டுட்டேன் சார்" என்றான். "சாப்புடணும்."

"சாப்பிடுப்பா" என்றேன்.

அவன் தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தான். எனக்குக் காபி வந்தது. குடித்து முடித்துவிட்டு, அவனைத் தாண்டாமல் பின்வாசல் வழியாக வெளியே வந்தேன்.